மூன்று படிகளை எந்தக் கட்டத்தில் எழுதுவது? மரபுக் கணக்கெடுப்பும் அன்றாட வாழ்க்கையும்

#1 வாசற்படி

நண்பர்களே, கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆறு வாரமாக ஒரு பழைய நகரப் பகுதியில் மரபுக் கட்டடங்களைக் கணக்கெடுக்கும் வேலையில் இருக்கிறேன். கையில் ஒரு படிவம். கட்டிய காலம், மாடிகள், கூரை வகை, முகப்பு வேலைப்பாடு, விரிசல், உரிமையாளர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். நிரப்பிவிட்டு, நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு அடுத்த கட்டடத்துக்குப் போக வேண்டும்.

போன வாரம் ஒரு கட்டடத்தின் சாவி வைத்திருப்பவர் வரத் தாமதமானது. எதிர்ப்பக்கம் ஒரு மணி நேரம் சும்மா நின்றேன். தெருவிலிருந்து வாசலுக்கு ஏற மூன்று கல்படிகள். சுமை தூக்கி வந்த ஒருவர் மேல்படியில் மூட்டையை இறக்கி வைத்தார். அந்தப் படி அவர் முழங்காலுக்கு மேலே வருவதால் முழுக்கக் குனிய வேண்டியதில்லை. மறுபடி தூக்குவதும் எளிது. ஒரு சிறுமி நடுப்படியில் காலை வைத்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டு ஓடினாள். அப்புறம் ஒரு முதியவர் வந்து உட்கார்ந்து, கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு மூச்சு வாங்கினார். கைத்தடி சாய்ந்த இடத்தில் சுவர் ஏற்கெனவே வழவழப்பாக இருந்தது.

கிட்டே போய்ப் பார்த்தேன். நடுப்படியின் வலது ஓரம் மட்டும் இரண்டு விரல் ஆழத்துக்குத் தேய்ந்திருக்கிறது. இடது ஓரம் கூர் மழுங்காமல் அப்படியே இருக்கிறது. ஏன் ஒரு பக்கம் மட்டும்? நின்று பார்த்தால்தான் தெரிகிறது: பிற்பகல் நிழல் வலப்பக்கம் விழுகிறது. எத்தனை தலைமுறை அந்த நிழலில் உட்கார்ந்து எழுந்திருக்கும்!

வரைவுத் திட்டத்தில் அந்தப் படிகள் "சாலைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி, அகற்றலாம்" என்று குறிக்கப்பட்டிருக்கின்றன. முகப்பின் சுதை வேலைப்பாட்டுக்கு என் படிவத்தில் ஏழு கட்டங்கள் உண்டு. படிகளுக்கு ஒன்றுகூட இல்லை. இதை எங்கே, எப்படி எழுதுவது? இதே வேலையில் இருப்பவர்கள், பழைய பகுதிகளில் குடியிருப்பவர்கள், யாராக இருந்தாலும் சொல்லுங்கள்.

#2 அளவுகோல்

நகரமைப்புத் துறையில் இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது எனக்கு. படிவம் போடுகிறவர்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சட்டத்தால் பொருளைக் காப்பாற்ற முடியும், செயலைக் காப்பாற்றுவது கடினம். "இந்தச் சுவரை இடிக்கக் கூடாது" என்று ஓர் ஆணை எழுதிவிடலாம். "இந்தப் படியில் மக்கள் தொடர்ந்து உட்கார வேண்டும்" என்று எழுத முடியுமா? அதனால்தான் எல்லாப் படிவமும் கல்லையும் மரத்தையும் நோக்கியே சாய்ந்துவிடுகின்றன.

ஆனால் இது யாருக்கும் தெரியாத விஷயம் இல்லை. மரபுச் சின்னங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச நெறியான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனத்தை முழுக்க முழுக்கக் கட்டடங்களுக்கான ஆவணம் என்று நினைக்கிறோம். அதன் ஐந்தாவது பிரிவே, ஒரு சின்னத்தைச் சமூகத்துக்குப் பயன்படும் ஒரு காரியத்துக்கு வைத்துக்கொண்டால் அதைப் பாதுகாப்பது எளிதாகும் என்கிறது. 1979இல் ஆஸ்திரேலியாவில் பர்ரா என்ற சிற்றூரில் ஏற்றுக்கொள்ளப்பட்ட சாசனம் அழகியல், வரலாறு, அறிவியல் மதிப்புகளுக்குப் பக்கத்திலேயே சமூக மதிப்பையும் வைத்தது. யுனெஸ்கோ 2011 நவம்பரில் வரலாற்று நகர்ப்புற நிலக்காட்சி குறித்த பரிந்துரையை ஏற்றபோது, நகரத்தின் பழைய மையத்தை மட்டும் வேலி போட்டுப் பார்க்கக் கூடாது, அங்குள்ள பழக்கவழக்கங்கள், பொருளாதாரம், நில அமைப்பு எல்லாமே அதில் சேரும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆக, கொள்கை அளவில் வாசல் திறந்துதான் இருக்கிறது. படிவம் அச்சடிக்கும் இடத்துக்கு அது வந்து சேரவில்லை.

உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில்: எண்ணுங்கள். படியின் படத்தோடு, எத்தனை பேர், எந்த நேரத்தில், எவ்வளவு நேரம், என்ன செய்தார்கள் என்று ஒரு தாள் இணையுங்கள். நெகிழ்ச்சியாக எழுதிய பத்தியை மேசையில் ஒதுக்கி வைத்துவிடுவார்கள். எண்ணிக்கை உள்ள தாளுக்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

#3 சுண்ணாம்பு

நான் பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கிறவன். படிப்பு குறைவு, வேலை அனுபவத்தில் சொல்கிறேன்.

வீடு எதனால் சாகிறது என்று கேட்டால் வயதினால் என்று பலர் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை பூட்டினால்தான் சாகிறது. ஆள் இருக்கும் வீட்டில் கூரை ஒழுகினால் அன்றைக்கே தெரியும். பாத்திரம் வைப்பார்கள், திட்டுவார்கள், ஒரு வாரத்தில் உடைந்த ஓடுகளை மாற்றுவார்கள். பூட்டிய வீட்டில் மழைநீர்த் தூம்பில் இலை அடைத்தால் யாருக்குத் தெரியும்? தண்ணீர் சுவருக்குள் இறங்கும், உத்திரத்தின் நுனி சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில் ஊறும், நான்கைந்து மழைக்காலத்தில் அந்த நுனி உளுத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் முகப்பு பளிச்சென்றுதான் இருக்கும்.

இன்னொன்று. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும், உப்புப் பூத்துச் செங்கல் பொரிந்து உதிரும். வருடா வருடம் சுண்ணாம்பு அடிக்கிற பழக்கம் இருந்தவரை இந்தப் பிரச்சினையே வரவில்லை. அந்தப் பழக்கம் நின்ற பிறகுதான் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

அதனால் வாசற்படி தம்பி, படியில் உட்காருகிறவர்களும் ஒரு வகையில் அந்தக் கட்டடத்தின் காவலாளிகள். விரிசலை முதலில் பார்ப்பது அவர்கள்தான்.

#4 நிலவரைபடம்

சுண்ணாம்பு ஐயா சொன்னதற்கு ஒரு நகரமே சாட்சி இருக்கிறது. குரோயேஷியாவின் ஸ்ப்ளிட்.

ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் ஓய்வுக்காலத்துக்குக் கட்டிய பெரிய அரண்மனை அது, நான்காம் நூற்றாண்டின் தொடக்கம். அவர் போனபின் காலப்போக்கில் காலியாகியிருக்க வேண்டிய இடம். ஏழாம் நூற்றாண்டில் பக்கத்து நகரமான சலோனா அழிந்தபோது அங்கிருந்து தப்பியவர்கள் அரண்மனைச் சுவருக்குள் குடியேறினார்கள். தூண்களுக்கு இடையே சுவர் எழுப்பினார்கள். தாழ்வாரங்கள் தெருக்கள் ஆயின. அரசரின் கல்லறை மாளிகையே பேராலயம் ஆனது. இன்றைய விதிப்படி பார்த்தால் அத்தனையும் ஆக்கிரமிப்பு! ஆனால் அப்படி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் யாராவது குடியிருந்துகொண்டே வந்ததால்தான், ரோமானிய அரண்மனைகளிலேயே நன்றாக எஞ்சியிருப்பவற்றில் ஒன்றாக அது நிற்கிறது. 1979இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தபோது, அரண்மனையோடு இடைக்காலத் தெருக்களையும் சேர்த்துத்தான் பதிவு செய்தார்கள்.

இத்தாலியின் லூக்காவில் இன்னொன்று. ரோமானிய வட்டரங்கத்தின் இருக்கைகள் இருந்த வளைவின்மேல் மக்கள் வீடு கட்டிக்கொண்டார்கள். கல்லைப் பெயர்த்தும் எடுத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடுவில் அடைத்திருந்த கட்டடங்களை நீக்கிச் சதுக்கமாக்கினார்கள். இன்று அங்கே போய் நின்றால் சுற்றிலும் சாதாரண வீடுகள்தான், ஆனால் அவை நிற்கும் நீள்வட்டம் ரோமாபுரியுடையது. கட்டடம் போய்விட்டது, வடிவம் நிற்கிறது. ரோமின் நவோனா சதுக்கமும் அப்படித்தான், டொமிஷியனின் ஓட்டப்பந்தய அரங்கம் இருந்த இடம் அது. எந்தத் திட்டக்காரரும் இந்த வடிவங்களைக் "காப்பாற்ற" உட்காரவில்லை. பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி அடுத்தவர் கட்டினார், அவ்வளவுதான்.

#5 வடக்கு ஜன்னல்

மன்னிக்கவும், எனக்கு இந்த உரையாடல் கொஞ்சம் வலிக்கிறது.

நான் பட்டியலிடப்பட்ட ஒரு வீட்டில் குடியிருக்கிறேன். என் அம்மாவால் மாடி ஏற முடியாமல் போனபோது கீழ்த்தளத்தில் ஒரு கழிவறை கட்ட விண்ணப்பித்தோம். முகப்பைத் தொடவே இல்லை, பின்பக்கச் சுவரில் ஒரு சின்னக் காற்றுப்போக்கி மட்டும். அனுமதி கிடைக்கப் பதினான்கு மாதம் ஆனது. அந்தப் பதினான்கு மாதமும் அம்மா கூடத்தில் ஒரு திரைக்குப் பின்னால் எப்படி இருந்தார் என்பதை நான் இங்கே விவரிக்க விரும்பவில்லை.

அன்றாட வாழ்க்கை என்று நீங்கள் எல்லோரும் அழகாக எழுதுகிறீர்கள். எங்களுக்கு அன்றாடம் என்றால் ஈரச் சுவர், செங்குத்தான படிக்கட்டு, ஜன்னல் மாற்றக் கூடாது என்ற கடிதம். "பழைய வாழ்க்கை முறை" மற்றவர்கள் வந்து பார்ப்பதற்காக எங்களை அப்படியே உறைய வைப்பதும் ஒரு கொடுமைதான். என் அம்மாவும் அந்த மரபில் ஒரு பகுதி இல்லையா?

#6 வாசற்படி

அக்கா, நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். அம்மாவை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. என் படிவத்தில் "அங்கீகாரமற்ற மாற்றங்கள்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் இதுவரை நூற்றுக்கும் மேல் டிக் போட்டிருக்கிறேன். ஏன் மாற்றினார்கள் என்று ஒரு வீட்டில்கூட நான் கேட்கவில்லை. இது என் தவறு.

#7 அளவுகோல்

வடக்கு ஜன்னல் சொன்னதைத் தாண்டி இந்த இழை போகக் கூடாது. இதைத்தான் முதலில் பேச வேண்டும்.

பிரான்ஸில் போர்தோ நகரத்துக்குப் பக்கத்தில் பெசாக் என்ற இடம். ஆன்றி ஃப்ரூஜே என்ற தொழிலதிபருக்காக லெ கொர்புசியே என்ற கட்டடக்கலைஞர் 1920களின் நடுவில் சுமார் 50 வீடுகள் கொண்ட குடியிருப்பைக் கட்டினார். தட்டைக் கூரை, சுவர் நெடுகக் கிடைமட்ட ஜன்னல், திறந்த மாடித்தளம், வண்ணச் சுவர்கள். குடிவந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நீள ஜன்னலைச் சுருக்கினார்கள். மாடித்தளத்தை மூடி அறையாக்கினார்கள். சிலர் தட்டைக் கூரைமேல் சரிவுக் கூரை போட்டார்கள். வெகுகாலம் இதை ஒரு பெரிய கட்டடக்கலைஞரின் தோல்வி என்றே எழுதினார்கள்.

1960களின் பிற்பகுதியில் ஃபிலிப் பூதோன் என்ற ஆய்வாளர் போய் அந்தக் குடியிருப்பாளர்களிடமே பேசினார். வாசற்படி, நீங்கள் கேட்காமல் விட்ட அதே கேள்வி! மாற்றிக்கொள்ள இடம் கொடுத்த வீடுகள் அவை என்பதும் வெளியே வந்தது. அப்புறம் 1980இல் அங்கே ஒரு வீடு வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. சில வீடுகளை மூல வடிவத்துக்குத் திருப்பினார்கள். 2016இல் லெ கொர்புசியேயின் 17 படைப்புகள் உலக மரபுப் பட்டியலுக்குப் போனபோது பெசாக்கும் அதில் ஒன்று.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. எந்த ஆண்டின் பெசாக் மரபு? கட்டி முடித்த அன்றைய பெசாக்கா, நாற்பது வருடம் மக்கள் வாழ்ந்து திருத்திய பெசாக்கா? சுருக்கிய ஜன்னலும் வரலாறுதானே. எல்லாவற்றையும் மூல வடிவத்துக்குத் திருப்பினால், அங்கே வாழ்ந்தவர்கள் எழுதிய பக்கங்களைக் கிழித்துவிட்டு முதல் பக்கத்தை மட்டும் வைத்துக்கொள்வது போல் ஆகிறது. ஒன்றிரண்டு வீடுகள் மூல வடிவத்தில் இருக்கட்டும். மீதி வீடுகளில் மாற்றத்தையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும் என்பது என் கருத்து. அக்காவின் அம்மாவுக்காகக் கட்டிய கழிவறையும் அப்படித்தான் பதிவில் ஏற வேண்டும்.

#8 தள்ளுவண்டி

இரண்டு குழந்தைகளின் அம்மா நான். இந்தத் துறைக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் "அன்றாடம்" என்ற சொல்லைப் பார்த்ததும் வியன்னா நினைவுக்கு வந்தது, அதைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன்.

1991இல் அங்கே பெண்களின் நகர அன்றாடத்தைப் பற்றி ஒரு புகைப்படக் கண்காட்சி நடந்தது. யாருக்குச் சொந்தம் இந்தப் பொது இடம் என்பதுதான் கேள்வி. அதை நடத்தியவர்களில் ஒருவர் ஏவா கைல். பிறகு நகர நிர்வாகத்துக்குள்ளேயே இருந்து இந்த வேலையைப் பல வருடம் செய்தார். பயணக் கணக்கு எடுத்தபோது தெரிந்தது: அலுவலகம் போய் வருகிற ஆண்களின் பயணம் பெரும்பாலும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, அதுவும் காரிலோ ரயிலிலோ. பெண்களுடையது பள்ளி, மருத்துவர், கடை, வயதான பெற்றோர் என்று துண்டு துண்டாக, அதிகமும் நடந்தே. சாலைகள் யாருடைய நாளுக்காகப் போடப்பட்டன என்பது அதைப் பார்த்தாலே விளங்கும்.

பூங்காக்களிலும் இதே கதை. சுமார் ஒன்பது வயதுக்குப் பிறகு சிறுமிகள் பூங்காவுக்கு வருவது சட்டென்று குறைகிறது என்று கவனித்தார்கள். நடுவில் பந்து விளையாடக் கம்பிவேலி அடைத்த ஒரே பெரிய கூண்டு, அதைப் பையன்கள் பிடித்துக்கொள்வார்கள். பகுதிகளாகப் பிரித்து, நடைபாதை சேர்த்து, கூண்டுக்கு இன்னும் வாசல்கள் வைத்த பிறகு சிறுமிகள் திரும்பி வந்தார்கள். 1997இல் முடிந்த ஒரு குடியிருப்பை, 357 வீடுகள், பெண் கட்டடக்கலைஞர்களே வடிவமைத்தார்கள். தள்ளுவண்டி நிறுத்த ஒவ்வொரு தளத்திலும் இடம், சமையலறையிலிருந்து பார்த்தால் குழந்தை விளையாடுவது தெரியும்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மூன்று படிகள் இருக்கட்டும், எனக்கும் பிடிக்கிறது. ஆனால் அந்தப் படிகளைச் சுற்றிக்கொண்டு தள்ளுவண்டியை வாகனங்களுக்கு நடுவே இறக்கும் அம்மாவையும் எண்ணுங்கள். சக்கர நாற்காலியில் வருகிறவரையும். அவர்களும் அந்தத் தெருவின் அன்றாடம்தான். உட்கார்ந்திருப்பவரைக் கண்ணால் எண்ணலாம். அந்தத் தெருவுக்கே வர முடியாதவரை எப்படி எண்ணுவீர்கள்?

#9 அளவுகோல்

கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, தள்ளுவண்டி. முப்பது கணக்கெடுப்புக்குப் பிறகும் இல்லை. வீடு வீடாகப் போய்க் கேட்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

எண்ணுவதைப் பற்றி மட்டும் கொஞ்சம். 1961இல் நியூயார்க் ஒரு விதி கொண்டுவந்தது: உயரமான கட்டடத்தின் முன்னால் பொதுவெளி விட்டால் கூடுதல் மாடி கட்டிக்கொள்ளலாம். நிறையப் பேர் விட்டார்கள். விட்ட இடங்கள் பாதி வெறிச்சோடிக் கிடந்தன. வில்லியம் வைட் என்பவர் 1970களின் தொடக்கத்தில் கேமராவை மேலே பொருத்தி நாள் முழுக்கப் படம் பிடித்து, யார் எங்கே நிற்கிறார்கள் என்று எண்ணினார். சூரிய ஒளி, இடத்தின் பரப்பளவு, வடிவம் என்று ஒவ்வொரு ஊகமாகச் சோதித்துக் கடைசியில் வந்து சேர்ந்தது மிகச் சாதாரணமான இடத்துக்கு: உட்கார இடம் இருக்கும் இடத்தில்தான் மக்கள் உட்காருகிறார்கள். படி, திட்டு, குட்டைச் சுவர், எதுவானாலும் சரி. 1975இல் அந்த நகரம் விதியையே திருத்தி, பொதுவெளி விட்டால் இத்தனை நீளம் இருக்கை வேண்டும் என்று எழுதியது.

கோபன்ஹேகனிலும் அப்படியே. 1962 நவம்பரில் ஸ்ட்ரோகெட் தெருவில் வாகனங்கள் வரத் தடை போட்டார்கள். வியாபாரம் படுத்துவிடும் என்று பயந்தார்கள். யான் கேல் என்ற கட்டடக்கலைஞர் அங்கே போய் நடப்பவர்களையும் நிற்பவர்களையும் எண்ணத் தொடங்கினார், அந்த எண்ணிக்கை அடுத்தடுத்த தெருக்களுக்கு வாதமாக மாறியது.

#10 கரையோரம்

எல்லோரும் அன்றாடம் மரபைக் காப்பாற்றும் கதைகளாகச் சொல்கிறீர்கள். எதிர்க் கதையும் இருக்கிறது. ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரம், எல்பே ஆற்றுப் பள்ளத்தாக்கு. 2004இல் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. 2005இல் அந்த ஊர் மக்களிடம் பொது வாக்கெடுப்பு: ஆற்றின் குறுக்கே புதுப் பாலம் வேண்டுமா? மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றே அதிகமானோர் வேண்டும் என்றார்கள். தினமும் வேலைக்குப் போகிறவர்கள், நெரிசலில் நிற்கிறவர்கள் அவர்கள். யுனெஸ்கோ எச்சரித்தும் பாலம் எழுந்தது, 2009இல் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

அங்கே அன்றாட வாழ்க்கை எந்தப் பக்கம்? பாலத்தில் போகிறவனா, ஆற்றங்கரையில் மாலை நடக்கிறவனா? இருவரும் ஒரே ஆளாகவும் இருக்கலாம். எனக்கு அந்தப் பள்ளத்தாக்கு முக்கியம், பாலம் தவறு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் "மக்கள் விருப்பம்" என்று பொதுவாகச் சொல்லி நம் பக்கம் இழுத்துக்கொள்ள முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

#11 நிலவரைபடம்

கரையோரம் கேட்டது நியாயம். எனக்கு அதைவிடப் பெரிய பயம் வேறு: மக்கள் விரும்பினாலும் இருக்க முடியாமல் போவது.

மலேசியாவின் ஜார்ஜ் டவுனை எடுத்துக்கொள்ளுங்கள். போருக்கு முந்தைய வீடுகளின் வாடகையை 1966ஆம் ஆண்டின் கட்டுப்பாட்டுச் சட்டம் குறைவாக வைத்திருந்தது. அதனால் கடைவீடுகளில் மாடியில் குடும்பம், கீழே தொழில் என்று தலைமுறைகளாக இருந்தார்கள். வாடகை குறைவு என்பதால் உரிமையாளர்கள் பழுது பார்க்காததும் உண்மை. 2000 ஜனவரியில் அந்தச் சட்டம் போனது, வாடகை ஏறியது, பழைய குடித்தனக்காரர்கள் பலர் வெளியேறினார்கள். எட்டு வருடம் கழித்து, 2008இல், பல இன மக்களின் வாழும் மரபைக் காரணம் காட்டி மலாக்காவோடு சேர்த்து உலக மரபு நகரம் என்று அறிவித்தார்கள். அந்த மரபை வாழ்ந்து காட்டியவர்களில் பலர் அதற்குள் கிளம்பிப் போயிருந்தார்கள்.

வெனிஸ் இன்னும் மோசம். 1951இல் தீவு நகரத்தில் சுமார் 1,75,000 பேர். 2022இல் 50,000க்கும் கீழே. ஒரு கல்லும் நகரவில்லை, மாளிகைகள் எல்லாம் அப்படியே நிற்கின்றன.

இதை முன்கூட்டியே பார்த்த ஒரு நகரம் உண்டென்றால் இத்தாலியின் பொலோன்யாதான். 1969இல் பழைய மையம் முழுவதையும் பாதுகாக்கத் திட்டம் போட்டார்கள். கட்டடத்தைக் காப்பாற்றிவிட்டுக் குடியிருப்பவரை விரட்டினால் அது பாதுகாப்பே இல்லை என்பது அவர்கள் வாதம். பியர் லூயிஜி செர்வெல்லாத்தி என்ற கட்டடக்கலைஞர் அப்போது நகராட்சியில் முக்கியப் பொறுப்பில் இருந்தார். புறநகரில் கட்டும் பொது வீட்டுவசதிக்கான நிதியை எடுத்து, 1973 முதல் பழைய வீடுகளைப் பழுது பார்த்து அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்களுக்கே கொடுக்க முனைந்தார்கள். சொத்துகளைக் கையகப்படுத்தும் யோசனைக்கு எதிர்ப்பு வந்து, உரிமையாளர்களோடு ஒப்பந்தம் என்று சுருங்கியது. நினைத்த அளவுக்கு நடக்கவில்லை. ஆனாலும் வாடகையையும் ஓட்டுக் கூரையையும் ஒரே தாளில் எழுதினார்களே, அதற்காகவே எனக்கு அந்த நகரத்தின்மேல் பெரிய மரியாதை.

#12 சுண்ணாம்பு

வாடகைதான் அஸ்திவாரம். நான் பழுது பார்த்துக் கொடுத்த வீடுகளில் பாதியில் பழைய ஆட்கள் திரும்பி வரவில்லை. வேலை முடிந்து சாவி கொடுக்கும்போது புது முகம் வந்து வாங்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் மனசு ஒரு மாதிரி ஆகிவிடும்.

#13 சக்கரப்பலகை

வயதில் இந்த இழையில் சின்னவன் நான்தான் என்று நினைக்கிறேன். லண்டன் தேம்ஸ் கரையில் சவுத்பேங்க் கலை மையத்துக்கு அடியில் ஒரு கான்கிரீட் இடம் இருக்கிறது. 1960களில் கட்டியது, சரிவுகளும் தூண்களுமாக, எதற்கென்று தெளிவில்லாத மிச்ச இடம். 1970களிலிருந்து ஸ்கேட்போர்டு ஓட்டுகிறவர்கள் அதைத் தங்கள் இடமாக்கிக்கொண்டார்கள். 2013இல் அங்கே கடைகள் கட்டத் திட்டம் வந்தது. ஸ்கேட்டர்களுக்குச் சற்றுத் தள்ளிப் புது இடம் கட்டித் தருகிறோம் என்றார்கள். அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. நாற்பது வருடமாகச் சறுக்கிச் சறுக்கி வந்த இந்தச் சரிவுக்குப் பதில் அதே அளவில் ஒரு நகல் ஈடாகாது என்றார்கள். ஊர் கூடி ஆட்சேபம் எழுதியது, 2014இல் அந்த இடம் அப்படியே இருக்கும் என்று ஒப்பந்தமானது. 2019இல் மூடிக் கிடந்த ஒரு பகுதியையும் மீட்டுத் திறந்தார்கள்.

வாசற்படி அண்ணா, உங்கள் படிவத்தில் "கட்டிய காலம்" என்று கட்டம் இருக்கிறதல்லவா? அதற்குக் கீழே "இப்படிப் பயன்படுத்தத் தொடங்கிய காலம்" என்று ஒன்று போடுங்கள். இரண்டும் பெரும்பாலும் வேறு வேறாகத்தான் இருக்கும்.

#14 அளவுகோல்

சக்கரப்பலகை தம்பி, இந்த இழையில் இதுவரை வந்த யோசனைகளில் இதைத்தான் என் படிவத்தில் அப்படியே எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

முதல் பதிவில் செயலைச் சட்டத்தால் காப்பாற்ற முடியாது என்றேன். முழுக்கச் சரியில்லை. மொராக்கோவில் மராக்கெஷ் நகரின் ஜெமா எல் ஃப்னா சதுக்கத்தில் கதை சொல்கிறவர்களையும் இசைக்கலைஞர்களையும் காக்கவென்று எழுந்த குரல்தான், 2001இல் அதை வாய்மொழி மரபின் தலைசிறந்த சான்றாக அறிவிக்கவும், 2003இல் புலனாகா மரபுக்கான, அதாவது கதை, இசை, சடங்கு போன்ற தொட முடியாத மரபுக்கான உடன்படிக்கை வரவும் வழி வகுத்தவற்றில் ஒன்று. சான்ஃபிரான்சிஸ்கோ 2015இல் பல பத்தாண்டுகளாக நடக்கும் சிறு தொழில்களுக்கு ஒரு பதிவேடு தொடங்கி, நீண்ட குத்தகை கொடுக்கும் கட்டட உரிமையாளருக்கு நிதியும் தந்தது. இங்கிலாந்தில் 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி, மக்கள் புழங்கும் ஓர் இடத்தைச் சமூகச் சொத்தாகப் பதிந்தால், விற்பனைக்கு வரும்போது வாங்க முயல அந்தச் சமூகத்துக்கு அவகாசம் கிடைக்கும். எல்லாமே குறையுள்ள கருவிகள்தான், ஆனால் கருவிகள் இருக்கின்றன.

#15 வாசற்படி

எல்லோருக்கும் நன்றி. நேற்றும் இன்றும் அந்தத் தெருவில் இருந்தேன், காலை ஆறு மணி முதல் இருட்டும்வரை.

இரண்டு நாளில் படியில் உட்கார்ந்தவர்கள் 63 பேர், சுமை வைத்தவர்கள் 19 பேர். படிகளால் நடைபாதையிலிருந்து சாலைக்கு இறங்க வேண்டியிருந்த தள்ளுவண்டிகள் 11, சக்கர நாற்காலி 1. அந்த நாற்காலியில் வந்தவரிடம் பேசினேன். படியை எடுக்க வேண்டாம் என்றார், எதிர்ப்புறம் நிறுத்தும் வாகனங்களை எடுத்தாலே போதும், சாலையை அந்தப் பக்கம் நகர்த்தி நடைபாதையை அகலப்படுத்தலாம் என்று கையாலேயே வரைந்து காட்டினார். அளந்து பார்த்தேன், இடம் இருக்கிறது. அவருடைய யோசனை என்று குறிப்பிட்டே தாளில் எழுதியிருக்கிறேன்.

வடக்கு ஜன்னல் அக்கா, டிக் போட்ட வீடுகளுக்கு மறுபடி போகத் தொடங்கிவிட்டேன். முதல் நாளில் ஏழு வீடு. அதில் நான்கு வீட்டில் மாற்றத்துக்குக் காரணம் முதியவர் ஒருவர்.

#16 வடக்கு ஜன்னல்

தம்பி, அந்தக் கட்டத்தின் பெயரையும் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். "அங்கீகாரமற்ற" என்பதை எடுத்துவிட்டு "குடியிருப்பவர் செய்த மாற்றமும் காரணமும்" என்று போடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டுக்கும் இப்படி ஒருவர் கேட்டு வந்திருந்தால் அம்மா உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லியிருப்பார். 1958இல் கிணற்றை மூடியது முதல்.

#17 வாசற்படி

கேட்கிறேன் அக்கா. திங்கள் கூட்டத்தில் இதை முதல் விஷயமாக வைக்கிறேன். கிணறு எந்தப் பக்கம் இருந்தது?